உயரம், எடை, உடற்தகுதிச் சான்று

என் நாத்தனாருக்குச் சுவர் வரைவதுதான் வேலை. வீடியோ கேம் கம்பெனியில் பதினொரு வருடமாக ஈரச் சுவர், பாசிச் சுவர், விரிசல் விட்ட சுவர். ஆடுகிறவர்கள் சுட்டுக்கொண்டே ஓடுவார்கள். சுவரை யார் நின்று பார்த்தார்கள்? ஆபீசில் அவளுக்குப் பெயரே "சுவரு"தான்.

மாமியாருக்கு நினைவு தப்பத் தொடங்கியதும், அவள் சொந்தமாக ஒரு கேம் செய்ய உட்கார்ந்தாள். துப்பாக்கி இல்லை, பாயிண்ட் இல்லை. எங்கள் வீடுதான். ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் அறையில் ஒரு பொருள் குறையும். கடைசி அறையில் மாமியார் உட்கார்ந்திருப்பார். தன் சொந்தக் குரலில், "நீ யாரும்மா?" என்பார். முதல்முறை ஆடியபோது நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அம்மா இந்த நிலைமையில கெடக்காங்க, உனக்கு விளையாட்டு கேக்குது" என்று தினமும் குத்துவார். ஒருநாள் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கலைக் கண்காட்சிக்கு அனுப்புறேண்ணா. கலை இல்லேன்னு அவங்க சொல்லிட்டா அழிச்சிடுறேன்."

விண்ணப்பத்தில் படைப்பின் வகை என்ற இடத்தில் "விளையாட்டு" என்று எழுதித் தொலைத்தாள். கலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே அலுவலகம். உயரம், எடை, உடற்தகுதிச் சான்று கேட்டுப் பதில் வந்தது. என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே அவளை இழுத்துக்கொண்டு அங்கே போனேன். அதிகாரி ஒரு கையால் மூக்கை நோண்டிக்கொண்டே கேமில் கதவுகளைத் திறந்தார்.

"சுட யாரும் இல்லையா? சுவரு நல்லா இருக்கும்மா. அதை மட்டும் பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் பண்ணிக் குடுங்க. அது கலை."

சீ! அதே விரலால் திரையை வேறு தட்டினார்.

கடைசி அறையில் மாமியார், "நீ யாரும்மா?" என்று கேட்டார். அதிகாரி எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தார்.

"இதைத் தாண்டி எப்படிப் போறது?"

"தெரியலீங்க. வீட்டுலயும் நான் அங்கதான் நிக்கிறேன்" என்றாள் நாத்தனார்.

"ஜெயிக்க முடியாதுன்னா இது விளையாட்டும் இல்ல, கலையும் இல்ல" என்று கொட்டாவி விட்டார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். வீட்டுக்கு வந்ததும் அழித்தாள். பக்கத்தில் நின்ற நான் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு மாதமாக மாமியார் பேசுவதே இல்லை. நேற்று என் வீட்டுக்காரர் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அந்த விளையாட்டுல அம்மா குரல் இருக்குன்னியே... ஒரு தடவை போடேன்."

அவள் வரைந்துகொண்டிருந்த சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ சிரிச்சியேண்ணா, அதுக்கு மறுநாளே அழிச்சிட்டேன்."