அட்சயாவுக்குப் போட்ட பொன்னாடை

ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் இருக்கும் ஜெயரட்ணத்தின் மகள் அட்சயா கெட்டிக்காரி. அதை யாரும் மறுக்க முடியாது. பாறைகளைப் படிக்கிற ஆராய்ச்சி வேலை. தென்னாபிரிக்காவின் கரூ வறண்ட நிலத்து மணற்பாறைகளில் இதுவரை கண்டெடுத்த உயிர்ச்சுவடுகளை எல்லாம் சலித்து, எது மெய், எது வெறும் கல் என்று நீண்ட கட்டுரை எழுதினாள். அங்கே போனாளா என்று மட்டும் கேட்காதீர்கள். ரொறன்ரோவில் இருந்தபடியே படங்களைப் பார்த்துத்தான் எழுதினாள்.

மாக்கஸ் என்ற தென்னாபிரிக்க மாணவன் கண்டுபிடித்த காலடித் தடங்களை அதில் 'வெறும் சேற்றுக் கட்டிகள்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை காலை அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரையைக் காட்டி அவனுடைய ஆய்வை நிறுத்திவிட்டார்களாம். படத்தில் வெளிச்சம் கீழ்ப்பக்கமிருந்து விழுகிறது, தயவுசெய்து தலைகீழாகப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தான். திட்டியிருந்தாலும் பரவாயில்லை, பாவி.

அட்சயா படத்தை மேசையில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாள். மேடுகளெல்லாம் பள்ளங்களாகின. ஐந்து விரல்கள், குதிக்கால், அடுத்த அடி. ஏதோ ஒரு பிராணி ஈரச் சேற்றில் நடந்தே போயிருக்கிறது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

அன்று பின்னேரம்தான் அஜின்கோர்ட் மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு. பேப்பரில் பேர் வந்தவருக்குப் பொன்னாடை போடாவிட்டால் நம்மவர்களுக்குச் சோறு இறங்காதே. சங்கத் தலைவர் நவரட்ணம், "ஆபிரிக்காவையே கிண்டிப் பாத்திட்டு வந்த எங்கட பிள்ளை" என்று முழங்கிப் போர்த்திவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தே வந்தவள், மைக்கைப் பிடித்தாள்.

"நான் பெரிசா ஒண்டும் செய்யேல்லை. அந்தக் கட்டுரையில பிழையளும் இருக்கு." அதோடு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"பாத்தியளே, என்ன அடக்கம்," என்றார் நவரட்ணம். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. அவளுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

காரில் ஜெயரட்ணத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "நல்லா அடக்கமாப் பேசினாய் பிள்ளை."

"அது அடக்கமில்லை அப்பா." படம், மாக்கஸ், நின்றுபோன அவன் ஆய்வு, எல்லாவற்றையும் அழுதழுது கொட்டினாள். "கட்டுரை பிழை எண்டு நாளைக்கே எழுதி அனுப்பப்போறன்."

ஜெயரட்ணம் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓம், எழுது. ஆனா அவ்வளவு சனத்துக்கு முன்னால மைக்கைப் பிடிச்சியே. அந்தப் பெடியன்ர பேரை ஒருக்கா எண்டாலும் சொன்னியா?"