கை வைக்காத ஒரு மாதம்

பட்டறையில் அவருக்கு ‘ஒரு மாசம்’ என்றே பெயர். புதிதாகப் பெயின்ட் அடித்த எந்த வண்டியை வெளியே விட்டாலும், “பெயின்ட் உள்ளுக்குள்ள காயணும். ஒரு மாசம் வேக்ஸ் போடாதீங்க, வெறும் தண்ணி ஊத்தி மெதுவா கழுவுங்க” என்று மந்திரம்போல் சொல்லுவார். இருபது வருடமாகச் சொல்கிறார். கேட்டு நடந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சொந்த மச்சினனிடம் நீட்டி முழக்க வேண்டாம் என்று நினைத்து, “ஒரு மாசம் கை வைக்காதே மாப்ள” என்று மட்டும் சொல்லி வண்டியைக் கொடுத்தார். அவருடைய மூன்று விடுமுறை நாட்களைத் தின்ற கருநீலம் அது. அவர் அடித்ததிலேயே ஆகச் சிறந்தது.

பத்தாம் நாள் வண்டி திரும்பி வந்தது. பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். அதன்மேல் ஆவி படிந்த கண்ணாடிபோல ஒரு மங்கல்.

“கை வைக்காதேன்னு சொன்னேனேடா!”

“சத்தியமா வைக்கல மாமா. அதான் கார் கழுவுற மிஷின்ல விட்டேன். பிரஷ்ஷே சுத்திச் சுத்தித் தேய்ச்சுது, வேக்ஸையும் அதுவே போட்டுச்சு. நான் வண்டிய விட்டு இறங்கவே இல்ல.”

அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. திட்டவும் வழியில்லை. இத்தனை வருடத்தில் இவன் ஒருவன்தான் அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்டிருக்கிறான்.

உப்புத்தாளை நனைத்து, தன் கருநீலத்தைத் தானே தேய்க்கத் தொடங்கினார். முதலில் வெள்ளையாக வழிந்த நீர் பிறகு நீலமாக வழிந்தது.

“நானும் ஒரு கை பிடிக்கட்டுமா மாமா?”

வாய்வரை வந்த பழைய சொல்லை விழுங்கிக்கொண்டார்.

“சாவிய வச்சுட்டுப் போ. ஒரு மாசம் கழிச்சு வா.”