இடம் மாறி நின்ற கோல்கீப்பர்கள்

பந்தயம் வைத்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கூடவே வெட்கமும் வரும்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ராயபுரத்தில் எங்கள் குப்பத்தை ஒட்டி ஒரு மணல் மைதானம். எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. பெரம்பூர் ரயில் பட்டறைக்காரர்களுக்கும் அன்றுதான் விடுமுறை. இரு தரப்பும் வாரம் மாற்றி வாரம் காலையில் அங்கே தனித்தனியாகப் பந்து விளையாடுவார்கள். மாதா திருவிழா முடிந்ததும் இரு தரப்பிலும் பொறுக்கியெடுத்த ஆட்கள் ஒரு சாயங்காலம் எக்ஸிபிஷன் மேட்ச் ஆடுவார்கள். கடலோரக் கோல் எங்களுடையது, ரோட்டோரக் கோல் அவர்களுடையது. பாதியில் பக்கம் மாறுவதெல்லாம் கிடையாது. ஆனால் அன்றைக்கு மட்டும் கோல்கீப்பர்கள் இடம் மாறி நிற்பார்கள். எங்கள் கோல்கீப்பரான என் அண்ணன் அவர்கள் கோலைக் காப்பான். அவர்கள் ஆள் எங்கள் கோலை. சொந்த ஆள் அடிப்பதைச் சொந்த ஆளே தடுப்பதைப் பார்த்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். வீடு திரும்பும்போது யார் ஜெயித்தது என்று ஒருத்தருக்கும் நினைவிருக்காது.

அந்த வருஷம் மைதானத்தின் சொந்தக்காரர், "சும்மா ஆடினா இன்னா கீது? ஜெயிக்கிற கட்சிக்கே இனிமே எல்லா ஞாயித்துக்கெழமையும் கிரவுண்டு" என்று சொல்லிவிட்டார். இரு தரப்பும் குதித்துக்கொண்டு ஒப்புக்கொண்டன. கோல்கீப்பர் வழக்கத்தை மாற்றவேண்டும் என்று பட்டறைக்காரர்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆட்களுக்குத் தோன்றியது, வாயை மூடிக்கொண்டார்கள்.

காலையில் கஞ்சி குடிக்கும்போது நைனா அண்ணனிடம், "நம்ப ஜனம்டா. பாத்து நடந்துக்கோ" என்றார்.

"அந்த பட்டறை ஆளு நம்ம கோலாண்ட ஒழுங்கா நிப்பான் நைனா."

"நிக்கட்டுமே. நமக்கு நல்லதுதானே?"

நான் சிரித்தேன். அண்ணன் கஞ்சியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தான்.

சாயங்காலம் அந்தப் பட்டறை ஆள் கிளிஞ்சல் மணலில் பாய்ந்து பாய்ந்து தன் ஆட்களின் பந்தையே தடுத்தான். முழங்கையெல்லாம் ரத்தம். ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் ஆள் ஒருவன் உருட்டிவிட்ட பந்து, சின்னக் குழந்தைகூடப் பிடித்திருக்கும், அண்ணனின் கால்களுக்கு நடுவே உள்ளே போனது. குப்பமே எழுந்து ஆடியது. விஷயம் தெரிந்தும் வெட்கங்கெட்டு நானும் கை தட்டினேன்.

பட்டறை ஆள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அண்ணனிடம் வந்து முதுகில் தட்டினான். "மூஞ்சிலயே வெயிலு அடிச்சிகினு இருந்திச்சி. எனக்கே கண்ணு தெரில. நீ இன்னா பண்ணுவ தோஸ்து, வுடு."

அண்ணன் குனிந்து கால் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

அடுத்த வருஷமும் அதே பந்தயம். அந்த ஆள் பழக்கத்தில் நேராக எங்கள் கோலுக்கு நடந்துவந்தான். எங்கள் ஆட்கள் மறித்தார்கள்.

"இந்த தபா மாத்துறதுல்லாம் வாணாம். உங்க கோலாண்டயே போயி நில்லு."

"ஏன்?" என்று கேட்டான். மறுபடி ரோட்டுப் பக்கமே கை காட்டினார்கள்.

ரோட்டோரக் கோலுக்குப் போய் நின்றான். போன வருஷம் அண்ணன் நின்ற அதே இடம். அங்கே நின்றால் சாயங்கால வெயில் முதுகில்தான் விழும். அவன் திரும்பிச் சூரியனைப் பார்த்தான். பிறகு எதிர்க்கோலில் நின்ற என் அண்ணனை வெகுநேரம் பார்த்தான். நான் தாவணித் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.