இடது கையால் குத்தியவர்

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு உருப்படியாகத் தெரிந்திருந்தது குத்துச்சண்டை ஒன்றுதான். ரெஜிமென்ட் அணியில் இருந்தவன் நான். திருமயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை இருந்தது. அந்த வருஷம் மழை இல்லை, கடலைச்செடி முளைத்த மட்டில் கருகிவிட்டது. எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். மெட்ராஸ்காரர் ஒருவர் கூடாரமும் லாரியுமாக வந்து, திருவிழா நடக்கிற ஊர்களில் டிக்கெட் போட்டு பாக்சிங் நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்தேன். ஐம்பதுகளின் நடுவில், ஒரு வருஷம் அதுதான் என் பிழைப்பு.

பெரும்பாலும் என்னோடு மோதியவர், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணே என்று கூப்பிடுவேன். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. தோளிலும் கையிலும் சத்தம் வருகிற மாதிரி அடித்துக்கொள்வோம், தலைக்குக் குறி வைக்க மாட்டோம். ஜனங்களுக்குத் தோல் கையுறை படுகிற சத்தம் போதும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒரே பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிப்போம்.

திருமயத்தில் கோட்டைக்குக் கீழே பொட்டலில் கூடாரம் போட்டிருந்தோம். வெயில் தாழ்ந்ததும் ஆட்டம். இரண்டாவது ரவுண்டில் தார்ப்பாயில் சிந்தியிருந்த தண்ணீரில் என் கால் வழுக்கியது. அண்ணன் தோளுக்கு வீசிய கை, சரிந்த என் நெற்றிப்பொட்டில் பட்டது. அவர் முகத்தில் வந்த பதற்றத்தைப் பார்த்தேன். அவர் தலைக்கு மேலே கோட்டைப் பாறை சிவப்பாக இருந்தது.

அதற்கடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது எங்கள் வீட்டுக் கிணற்றடி. கையில் ஈரமான தாம்புக்கயிறு. காலை வெயில் ஏறியிருந்தது. மனைவி சற்றுத் தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து நான் எப்படி வந்தேன்?" என்று கேட்டேன்.

"நடந்துதான் வந்தீங்க," என்றாள். பிறகு என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

தலை கனத்தது. கூடாரத்துக்குப் போனேன். முதலாளி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை.

"ஏம்ப்பா, இத்தனை நாளா இதை எங்க வச்சிருந்த? இடது கையில அப்படி ஒரு அடி. ஊரே பேசுது," என்றார்.

நான் விழவில்லையாம். தடுமாறி நிமிர்ந்து, கால்களை மாற்றி வைத்து, வலது கையை முன்னால் நீட்டி, இடது கையால் குத்தி ஆடியிருக்கிறேன். நாலாவது ரவுண்டில் ஒரே குத்தில் அண்ணன் விழுந்துவிட்டார். எனக்கு இடது கையால் ஒழுங்காக ஓர் ஆணி அடிக்கக்கூட வராது.

அண்ணன் லாரிக்குப் பின்னால் தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் போனேன். அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அடிச்சது கெடக்கட்டும் தம்பி. ஆடுறப்ப எங்கிட்ட ஒண்ணு சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"எதுவுமே ஞாபகம் இல்லண்ணே."

அவர் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "காதுக்கிட்ட வந்து, 'கையை எறக்கிக்கங்க, வலிக்காது'ன்னு சொன்ன. மருவாதியா, மெதுவா. டாக்டர் ஊசி போடுறதுக்கு முன்னால சொல்லுவாரு பாரு, அப்படி." தாடைத் துணியைச் சரிசெய்துகொண்டார். "நான் எறக்கிட்டேன். ஏன் எறக்கினேன்னுதான் எனக்கு வெளங்கல."

அன்றிலிருந்து அவர் என்னோடு ஆட மறுத்துவிட்டார். தண்ணீர்ப் பானைக்கும் நான் போய்விட்டு வந்த பிறகே போவார்.

முதலாளி 'இடங்கைப் புலி' என்று தட்டி எழுதி லாரியில் கட்டினார். அறந்தாங்கியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் அதைப் பார்த்துக் கூட்டம் வந்தது. நான் இடது கையால் ஆடிப் பார்த்தேன். கை குழந்தையின் கை மாதிரி எங்கேயோ போனது. ஜனங்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. கயிற்றுக்கு வெளியே நின்று, தெரிந்தவர் யாராவது வருகிறாரா என்று பஸ்ஸைப் பார்க்கிறவர் மாதிரி என் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த மாதங்களில் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. சவரம் செய்யும்போது கண்ணாடியில் தெரிகிற ஆளை நேராகப் பார்க்க மாட்டேன். தாடையை மட்டும் பார்த்து முடித்துவிடுவேன்.

மீமிசலில் கூடாரம் போட்டபோது புதிதாக ஒருவன் வந்து சேர்ந்தான். என்னைவிடத் தடித்தவன், பேச்சில்லாதவன். அன்று கடற்காற்றில் கூடாரத்துணி ஓயாமல் படபடத்தது. முதல் ரவுண்டிலேயே அவன் என் தலையைத் தவிர வேறெங்கும் அடிக்கவில்லை. தோள் திறந்து கிடந்தது, வயிறு திறந்து கிடந்தது. அவன் நெற்றிப்பொட்டையே தேடினான். இடையில் ஒருமுறை முதலாளியைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் என்னைத் தோற்கடிக்கப் பார்க்கவில்லை. இடது கையால் குத்திய அந்த இன்னொருவனை எழுப்பப் பார்த்தார்கள்.

நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னேனா என்று தெரியாது.

கண் தெளிந்தபோது ஓடுகிற பஸ்ஸில் இருந்தேன். பக்கத்தில் அண்ணன். என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். வெளியே கருவேலங்காடும் வறண்ட கண்மாயும் வெயிலில் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணே," என்றேன்.

அவர் திரும்பி, "யாரு?" என்று கேட்டார்.

என் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். அதன் பிறகே பிடியைத் தளர்த்தினார்.

நடந்ததை அவர் வாயிலிருந்து மெல்லத்தான் வாங்க முடிந்தது. அந்தத் தடியனைக் கட்டிலில் போட்டுத் தூக்கிப் போயிருக்கிறார்கள். இனி ஒரு கண் தெரியாது என்று வைத்தியர் சொன்னாராம். அவனை விழவைத்த பிறகு நான் உறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அடக்கமாக மணலில் உட்கார்ந்திருக்கிறேன். பொழுது விடிந்ததும் அண்ணனிடம் வந்து திருமயத்துக்கு வழி கேட்டிருக்கிறேன்.

"எதுக்குன்னு கேட்டேன் தம்பி. 'அங்கிட்டு ஒரு வீட்டுல ஒரு பொம்பளப் புள்ள தனியா இருக்கு. அந்த வீட்டுக்காரர் வந்துட்டாரான்னு பாக்கணும்'னு சொன்ன. ஒன்னைத் தனியா அனுப்ப எனக்கு மனசு வரல. அதான் கூட வந்தேன்."

என் வீட்டு வாசல் வரை வந்தவர் உள்ளே வரவில்லை. மனைவி மோர் கொடுத்ததை நின்றபடியே குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அண்ணன் சொன்னதை மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கும் அதான் கேட்டாரு," என்றாள்.

"யாரு கேட்டாரு?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். திருமயம் ஆட்டத்தன்று விளக்கு வைக்கிற நேரத்தில் நான் வந்து வேலிப் படலுக்கு வெளியே நின்றிருக்கிறேன். உள்ளே வரவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறேன். அவள் செம்பை நீட்டியபோது வாங்காமல், வழிப்போக்கர் மாதிரி குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தியிருக்கிறேன். அவள் ஊற்றியிருக்கிறாள்.

"வெளையாடுறீங்கன்னுதான் நெனச்சேன். குடிச்சு முடிச்சிட்டு, 'ஏம்மா, வீட்டுக்காரர் எங்கிட்டுப் போயிருக்காரு?'ன்னு கேட்டீங்க. மொகத்தப் பாத்தேன். வெளையாட்டு இல்ல."

"நீ என்ன சொன்ன?"

"வந்துருவாருன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? 'அவரு வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன், நீங்க கதவச் சாத்திக்கங்க'ன்னு சொன்னீங்க. படலுக்கு வெளியிலயே சோறு போட்டேன். சாப்பிட்ட தட்டக் கழுவிக் கவுத்து வச்சீங்க. காலையில கதவத் தெறந்தா அதே எடத்துல உக்காந்திருந்தீங்க. நான் தண்ணி எறைக்கப் போனேன். கயித்த எங்கிட்டருந்து வாங்கி நீங்களே எறைச்சீங்க. எறைச்சுக்கிட்டு இருக்கப்பவே மொகம் மாறிப்போச்சு."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நீங்க பயந்துருவீங்க."

"நீ பயப்படலையா?"

"மொதல்ல பயந்தேன். அப்பறம் இல்ல. தங்கமான மனுசரு," என்றாள்.

அந்தச் சொல் என்னை அடித்த மாதிரி யாரும் அடித்ததில்லை. அவள் என்னை அப்படிச் சொன்னதே இல்லை. ஓர் ஆளின் கண்ணைக் கெடுத்தவரும் அதே மனிதர்தான் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அந்தக் கை என் தோளிலிருந்துதான் தொங்கிக்கொண்டிருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மூளை அதிர்ந்திருக்கிறது என்றார். "இன்னொரு தடவை இப்படி அடிபட்டா திரும்பி வர்றது கஷ்டம்," என்று சொன்னார். யார் திரும்பி வருவது கஷ்டம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இனி உறை மாட்டுவதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். பஸ் கம்பெனி ஒன்றில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே சொல்லிவைத்தேன்.

முதலாளி அத்தனை சுலபமாக விடவில்லை. ஒரு நாள் மத்தியானம் வாடகைக் கார் ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. நான் உள்ளே படுத்திருந்தேன். எழுந்திருக்கப் போனவனை மனைவி கையமர்த்திவிட்டு வாசலுக்குப் போனாள். சுவரோரம் நின்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரரைப் பார்க்கணும்மா. திருச்சியில பெரிய ஆட்டம் ஏற்பாடு பண்ணியிருக்கேன்," என்றார் முதலாளி.

"வலது கையால ஆடுறவர் வேணுமா, அந்த இன்னொருத்தர் வேணுமா?" என்று கேட்டாள் அவள். குரலில் கோபமே இல்லை.

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "அந்த இன்னொருத்தர்தான்," என்றார்.

"அவரு வந்தாருங்க. இனிமே வர வேணாம்னு நான்தான் சொல்லி அனுப்பிச்சேன்."

கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பி வந்து, பாதியில் விட்டிருந்த வேலையைத் தொடர்ந்தாள். முதலாளியைத் துரத்துவதற்காகச் சொன்னதா, அல்லது அந்த மீமிசல் பயணத்துக்குப் பிறகு எனக்குத் தெரியாமல் ஏதாவது ஒரு பொழுதில் அந்த இன்னொருத்தர் வந்து போனாரா என்று அவளிடம் கேட்க நினைத்தேன். நினைத்துக்கொண்டே நின்றேன். கடைசியில், "சோறு ஆயிருச்சா?" என்று கேட்டேன்.

"ஆயிருச்சு, உக்காருங்க," என்றாள்.