அடுப்புக் கரியைத் தேய்த்துக் கழுவினோம்

சர்வேக்கு ஆள் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் நாங்கள் செய்த முதல் வேலை தரையைக் கழுவியதுதான். வெளியாள் வரும்போது வாசலை அப்படியே போட்டு வைக்க முடியுமா?

எங்கள் தாராவிச் சந்து முடிகிற இடத்தில் கொஞ்சம் காலியிடம் உண்டு. சிமென்ட் தரை. மற்ற நாளில் அங்கே ஸ்கூட்டர் நிற்கும், வடகம் காயும், எதிர்வீட்டுப் பாய் தன் பட்டறையில் வெட்டின தோல் காயும். வடகத்தில் தோல் வாடை அடிக்கிறது என்று நானும், தோலில் வடகம் ஒட்டுகிறது என்று அவரும் சண்டை போட்டு அலுத்துவிட்டோம். தைப்பொங்கலன்று மட்டும் பாய் தானாகவே எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். பெண்கள் வரிசையாகச் செங்கல் அடுப்புக் கூட்டி, கிழக்கே பார்த்துப் பானை வைப்போம். அதில் வீட்டுக்கு ஓர் இடம். மாமியார் வைத்த இடத்தில்தான் மருமகள் வைப்பாள். வருஷா வருஷம் எரிந்ததில் தரையெல்லாம் கருவட்டமாக விழுந்து கிடந்தது.

இப்போது எங்கள் சந்து முழுவதையும் இடித்துப் பெரிய பில்டிங் கட்டப் போகிறார்களாம். அதற்கு முன்னால் இங்கே இருக்கிற மரம், கிணறு, மழைத்தண்ணீர் ஓடுகிற வழி, கோயில், தர்கா, ஜனங்கள் கூடுகிற இடம் எல்லாவற்றையும் பார்த்து எழுதுவார்களாம். எழுத்தில் ஏறினால் அந்த இடத்தை விட்டுவைப்பதைப் பற்றிப் பேச்சாவது எழும். ஏறாவிட்டால் பொங்கல் வைக்கிற தரை போயே போய்விடும். இதை என் மகன்தான் சொன்னான். அவன் எந்தச் செய்தியையும் நான் வாயில் சோற்றை வைத்த பிறகுதான் சொல்வான்.

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குக்கர் விசில் அடித்தால்கூட வாசலுக்கு ஓடினேன். சயான் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. போகவில்லை. நான் போன நேரத்தில் அவர்கள் வந்துவிட்டால்?

அந்தப் பதைப்பில்தான் கழுவினோம். ஆசிட்டை ஊற்றி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தோம். பக்கத்து வீட்டு மைனிதான் முன்னால் நின்றாள். சொந்த அண்ணி இல்லை, ஊர் வழியில் மைனி. கருவட்டம் ஒன்றுகூட மிச்சமில்லை. தரை வெண்கலத் தட்டு மாதிரி மின்னியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்தது ஒரே ஒரு பெண். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, கையில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். அரசமரத்தைப் படம் எடுத்தாள், மாடன் பீடத்தை அளந்தாள். காலியிடத்துக்கு வந்து நின்றாள்.

"இது என்ன இடம் பாட்டி?"

"இதானம்மா நாங்க பொங்கல் வைக்க இடம்."

அவள் குனிந்து தரையைத் தடவினாள். "அடுப்பு எரிஞ்ச அடையாளமே இல்லையே. பார்க்கிங் மாதிரின்னா இருக்கு?"

"நீ வாரேன்னுதானம்மா தேய்ச்சுக் கழுவுனோம்!"

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ பாட்டி, அதைப் பாக்கத்தானே நான் வந்தேன். ஃபோட்டோவாவது இருக்கா?"

மருமகள் ஃபோனை நீட்டினாள். எல்லாம் முகமும் பானையும்தான். எந்த இடம் என்று ஒன்றிலும் தெரியவில்லை. எனக்குக் கம்பிப் பிரஷ்ஷைத் தூக்கி மைனி தலையில் போடலாமா என்றிருந்தது. நானும் சேர்ந்துதான் தேய்த்தேன், அது வேறு விஷயம்.

ஓடிப்போய்த் தரையில் நின்றேன். "இந்தா, இங்கதாம்மா என் அடுப்பு."

மைனி இடுப்பில் கையை வைத்தாள். "எங்க வந்து நிக்கிய? அது எங்க அத்தை இடம்லா. ஒங்க இடம் அந்தா, கொழாய்ப் பக்கம்."

"கொழாய்ப் பக்கமா? ஒங்க அத்தைதான் வருசா வருசம் செங்கலை ஒரு சாண் இங்கிட்டுத் தள்ளுவாவ!"

"செத்துப் போனவளைப் பேசாதிய மைனி."

"இருக்கும்போதும் மூஞ்சிக்கு நேராத்தான் பேசினேன்."

சத்தம் கேட்டு மற்ற வீட்டுக்காரிகளும் வந்துவிட்டார்கள். "நான் இங்க வப்பேன், எனக்கு அடுத்து இவ, அப்போ நீங்க எப்படி அங்க?" என்று ஒருத்தி. கரண்டியும் கையுமாக இன்னொருத்தி. ஆளாளுக்குத் தன் இடத்தில் போய் நின்றுகொண்டு கத்தினார்கள்.

அந்தப் பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். திடீரென்று பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். "யாரும் நகராதீங்கோ! அப்படியே நில்லுங்கோ!" ஒவ்வொருத்தி காலைச் சுற்றியும் வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் ஓரிடம் வெறுமனே இருந்தது.

"இங்க யாரும் இல்லையா?"

"அது விக்ரோலிக்குக் குடிபோனவ இடம். பொங்கலுக்கு வந்துருவா."

"அவங்க இல்லாதப்போ நீங்க கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமே?"

"அதெப்படி? அது அவ இடம்லா!" என்று மைனி சீறினாள். நானும் தலையை ஆட்டினேன். அந்தப் பெண் அங்கேயும் ஒரு வட்டம் போட்டாள். பாய் வீட்டு இரும்பு ஏணியில் ஏறி, மேலே இருந்து படம் எடுத்து, இறங்கி வந்து காட்டினாள். வரிசை பிசகாமல் வட்டம் வட்டமாக, வட்டத்துக்குள் நாங்கள். படிக்கத் தெரியாத எனக்கே அது புரிந்தது. சிரிப்பு அடங்கவில்லை எனக்கு.

"இப்போ எழுதிருவியாம்மா?"

"எழுதறேன் பாட்டி. மேல இருக்கறவா ஒத்துக்கணும். அது என் கையில இல்லை."

ரிக்‌ஷா ஏறிப் போய்விட்டாள். ஒத்துக்கொண்டார்களா இல்லையா, இன்று வரை தகவல் இல்லை. மகனுடைய ஃபோன் அடித்தால் முதலில் நான்தான் எட்டிப் பார்க்கிறேன்.

அன்று சாயங்காலம் மைனி என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவள் வட்டம் என் வட்டத்துக்குள் கொஞ்சம் ஏறியிருந்தது.

"பாத்தியளா? சர்வேக்காரியே என் இடம்னு போட்டுட்டா."

"போட்டா போடட்டும். மொதல்ல தரை நிக்கட்டும். தையில வாங்க, பாத்துக்கிடலாம்."

"வாரேன். விடியுமுன்ன வந்து செங்கலைப் போட்டிருவேன்."

"வாங்க மைனி, கண்டிப்பா வாங்க," என்றேன்.