மணவறையில் கறுப்புக் கண்ணாடி

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது சித்தி யாழ்ப்பாணத்திலிருந்து ஒஸ்லோவுக்கு வந்தார். விமான நிலையத்தில் அம்மா தன் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அப்பாவின் ஜக்கெற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், அதுதான் காரணம்.

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் கறுப்புக் கண்ணாடிக்கு ஒரேயொரு பொருள்தான். முந்தின வருடம் எனக்குக் கண்நோய் வந்து இரண்டு கண்ணும் பீளை கட்டியபோது, "ஒருத்தரையும் பாக்காதை, பாத்தால் தொத்திப்போடும்" என்று சொல்லி, அம்மா தன்னுடைய கறுப்புக் கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டிருந்தார். கையால்தான் தொற்றும், பார்வையால் தொற்றாது என்று நோர்வேஜிய டொக்டர் விளக்கினார். அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. நானும் அம்மாவின் கட்சிதான்.

சித்தி வந்த அந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் காட்போட் மட்டையில் கண்ணாடி செய்தோம். வடதுருவத்துப் பனியில் வாழ்ந்தவர்கள் அந்தக் காலத்திலேயே எலும்பில் மெல்லிய கீறல் வெட்டிக் கண்ணில் கட்டிக்கொண்டார்களாம், பனியில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைச் சுடாமலிருக்க. உலகத்தின் முதல் சூல்பிரில்லர் இதுதான் என்றார் எங்கள் ரீச்சர். வெயில் கண்ணாடியைத்தான் அப்படிச் சொல்வார்கள். என்னுடையதை நான் சாப்பாட்டு மேசையில் சித்திக்கு எதிரே போட்டுக்கொண்டு இருந்தேன். விளையாடுகிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். சித்தி அதை வாங்கித் தன் கண்ணாடிக்கு மேலே வைத்துப் பார்த்து, "என்ரையை விட இது நல்லா இருக்கு" என்றார். அவர் திருப்பித் தந்ததும் குசினியில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். காட்போட் கரைந்துபோய்விட்டது.

உண்மை வேறு. ஊரில் ஷெல் விழுந்தபோது சித்தியின் வலது கண்ணில் ஒரு துண்டு பட்டிருந்தது. பார்வை பிழைத்துக்கொண்டது. வெளிச்சம் கண்டால் சுருங்க வேண்டிய கண்மணிதான் சுருங்காமல் எந்நேரமும் விரிந்தே கிடந்தது. சாதாரண பல்ப்கூட அவருக்கு ஊசியாகக் குத்தும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சின்னப்பிள்ளைக்கு ஏன் ஷெல் கதை என்று விட்டிருப்பார்கள்.

ஊர்க் கண்ணாடி கீறல் விழுந்திருந்ததால் அப்பா குறொன்லாண்ட் கடைத்தெருவில் மலிவாக ஒன்று வாங்கிக் கொடுத்தார். கண் டொக்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாராம். வெறும் கறுப்பு இருட்டைத்தான் தரும், கெட்ட கதிரைத் தடுக்காது, இருட்டில் கண் இன்னும் விரிந்து இன்னும் கூடுதலாக உள்ளே எடுக்கும் என்று சொல்லிச் சரியான கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். அதன் விலையைக் கேட்ட பெரியம்மா, அம்மாவின் மூத்த அக்கா, "அந்தக் காசுக்கு ஊரிலை கண்டுக்குட்டியோடை ஒரு பசு வாங்கலாம்" என்றார். அதற்குப் பிறகு சித்தி அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைக்கும்போதெல்லாம் பசுவை இறக்கி வைப்பதுபோலவே பக்குவமாக வைப்பார்.

அடுத்த வசந்தத்தில் கல்யாணம் பொருந்தியது. மாப்பிள்ளை ஒஸ்லோவிலேயே ரொம்சோஸ் பகுதியில் இருந்தார், பஸ் ஓடுகிறவர், அதிகம் கதைக்கமாட்டார். பதிவுத் திருமணத்தை நாங்கள் எழுத்து என்போம். எழுத்தன்று பெரியம்மா கறாராகச் சொல்லிவிட்டார், நல்ல காரியத்தில் கறுப்பு ஆகாது என்று. சித்தி கண்ணாடியைக் கழற்றினார். வீடியோக்காரர் பெரிய லைற்றை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். வலது கண்ணிலிருந்து தண்ணீர் ஓடத் தொடங்கியது, நிற்கவேயில்லை.

"பெட்டைக்கு விருப்பமில்லைப் போலை" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது அன்றிரவுக்குள் ஒஸ்லோத் தமிழர் பாதிப்பேருக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் காதுக்கும் போயிருக்கும். அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை. கலியாணத்துக்காவது கண்ணாடியோடு இருக்கட்டும் என்று பெரியம்மாவிடம் கெஞ்சினார். மணவறையில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தால் குருடி என்பார்கள் என்றார் பெரியம்மா. சித்திதான் முடித்துவைத்தார்: "கழட்டிறன் அக்கா. ஒரு நாள்தானே."

கல்யாண மண்டபத்தில் நான் பூத்தட்டோடு மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். மாப்பிள்ளை வந்தார். பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலை, கண்ணில் பஸ் ஓட்டும்போது போடுகிற கறுப்புக் கண்ணாடி. மண்டபம் சலசலத்தது. பெரியம்மா ஓடிவந்தார்.

"தம்பி, கண்ணாடியைக் கழட்டுங்கோ. சபை பாக்குது."

"கூசுதக்கா. பனி வெயிலுக்கை ஓடி ஓடிப் பழகிப்போச்சு."

"மண்டபத்துக்குள்ளை எங்கை தம்பி வெயில்?"

"வீடியோ லைற் இருக்கெல்லே. எனக்கே இப்பிடியெண்டால் பொம்பிளைக்கு எப்பிடி இருக்கும்? அவவும் போட்டுக்கொண்டு வரட்டும்."

அம்மா கைப்பையைத் திறந்து சித்தியின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காலையிலிருந்தே அதை வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

சித்தி கண்ணாடியோடு வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு கறுப்புக் கண்ணாடிகளையும் நான் மாறி மாறிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஐயோ அம்மா, சித்தப்பாவுக்கும் தொத்திப்போச்சு!" என்று கத்தினேன்.

மேளகாரர்கூட வாசிப்பை நிறுத்திச் சிரித்தார். அதிகம் கதைக்காத மனிதர் என் பக்கம் குனிந்தார்.

"ஓம் பிள்ளை. பாக்கக் கூடாதெண்டு சொன்னவை. நான் பாத்திட்டன்."

சித்தியின் தோள் குலுங்கியது. கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அன்றைக்கு யாரும் விருப்பமில்லை என்று சொல்லவில்லை.

எனக்கோ பெரிய கவலை. கண்நோயோடு இந்த மனிதர் எப்படி பஸ் ஓடப்போகிறார்? அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, சித்தப்பாவுக்குக் கண்நோய் எப்ப மாறும்?"

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "அது மாறாது பிள்ளை" என்றார்.

பாவம் சித்தப்பா என்று நான் கனநாள் இரக்கப்பட்டேன்.