பூனை பார்த்துப் போன கடை

கலியாணம் முடிந்த நாலாம் மாதம் என் கணவர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு நண்டு சாப்பிடப் போனார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு என்று நினைக்கிறேன். புதுக்குடியிருப்பில் அவருடைய பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தோம்.

என் அம்மாவும் அப்பாவும் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து குடியேறியவர்கள். எங்கள் வீட்டில் மீன் என்றால் கருவாடுதான். அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்கள். கடலுக்கும் அவர்களுக்கும் முப்பது மைல். ஆனாலும் மீனைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிற உரிமை தனக்கு உண்டென்று அவர் நம்பினார்.

"பெரியம்மா வீட்டில சமைச்சாப் போதாதோ?" என்று கேட்டேன்.

"பெரியம்மா நண்டைக் கண்டா கதிரைக்கு மேல ஏறி நிப்பா."

கடற்கரையில் கிடுகால் வேய்ந்த சாப்பாட்டுக் கடைகள் இரண்டு, எதிரெதிராக இருந்தன. மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு நின்ற ஒரு வியாபாரியிடம் எது நல்ல கடை என்று கேட்டேன். அவர் வாய் திறக்க முதலே என் கணவர் கையை உயர்த்தி மறித்தார்.

"ஆக்களைக் கேக்கக் கூடாது. பூனையைப் பாக்கோணும்."

வலது பக்கக் கடை வாசலில் ஆறு பூனைகள் கிடந்தன. ஒன்று நிறைமாதக்காரி மாதிரி வயிற்றை மணலில் பரப்பியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது கடுவன், ஆண் பூனை. எதிர்க்கடை வாசலில் ஒரேயொரு பூனை, விலா எலும்பு தெரிய உட்கார்ந்திருந்தது.

"பாத்தீரோ? மீன் நல்லதெண்டாத்தான் பூனை கொழுக்கும்" என்றார் இவர். வியாபாரி ஏதோ சொல்ல வந்து, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரர் மெலிந்த மனிதர். சட்டை மட்டும் அளவெடுத்துத் தைத்தது போல அவ்வளவு நேர்த்தி. "வாங்கோ, இருங்கோ. நண்டு இல்லை, பாரைக் குழம்பு இருக்கு" என்றார்.

முதல் வாயிலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. முன்னுக்கு உப்பு, அதற்குப் பின்னால் ஒரு கருகல், அதற்கும் பின்னால் எங்கேயோ மீன்.

"உப்பு" என்றேன் மெதுவாக.

"கடல் மீனெண்டா அப்பிடித்தான். உமக்குக் கருவாடு திண்டு பழக்கம்."

"கருவாட்டில இவ்வளவு உப்பு இல்லை."

காலில் ஏதோ மெத்தென்று பட்டது. ஆறு பூனைகளும் நாங்கள் இருந்த வாங்குப் பலகைக்குக் கீழே வந்து வரிசையாக இருந்தன. பக்கத்து வாங்கில் இருந்தவர் கூரையைப் பார்த்தபடியே ஒரு மீன் துண்டைக் கீழே விட்டார். என் கணவர் வீரமாக மூன்று வாய் விழுங்கினார். நாலாவது வாய் கடுவனுக்குப் போனது.

"அண்ணை, இவ்வளவு பூனையையும் நீங்களோ வளர்க்கிறீங்கள்?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"நானோ? சாப்பிட வாற ஆக்கள்தான் வளர்க்கினம்" என்றார் அவர், மிகுந்த கவலையோடு.

காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் நான் நேரே எதிர்க்கடைக்குப் போய் இருந்துவிட்டேன். இவருக்கு வெட்கம். அந்தக் கடைக்காரர் பார்த்தால் என்ன நினைப்பாரென்று, கரையோரமாக வெகுதூரம் நடந்து, சுற்றி வந்து, எதிர்க்கடையின் பின்வேலி ஓட்டைப் பொட்டுக்குள் தலையை விட்டார். உள்ளே சமைத்துக்கொண்டிருந்த அக்கா அகப்பையைத் தூக்கிக்கொண்டு வேலிப் பக்கம் ஓடினா.

"ஆரது?"

"சாப்பிட வந்தனான் அக்கா."

"சாப்பிட வாற ஆக்களுக்கு வாசல் ஒண்டு வச்சிருக்கிறன் தம்பி!"

பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. கம்பியில் சட்டை மாட்டித் தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்.

முருங்கையிலை போட்ட நண்டுக் கறி. இருவரும் கால் காலாக முறித்து உறிஞ்சினோம். நாங்கள் போட்ட நண்டுக் கோதுகளை அந்த மெலிந்த பூனை மணந்து பார்த்துவிட்டு எழுந்து போனது.

அப்போது அந்த முதல் கடைக்காரர் உள்ளே வந்தார், தன் மத்தியானச் சாப்பாட்டுக்கு. அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தோம்.

"நண்டு முடிஞ்சுதோ?" என்று அக்காவைக் கேட்டார். அவ எங்கள் பக்கம் கையைக் காட்டினா. என் கணவர் பெரிய கால் ஒன்றை முறித்து அவருடைய கோப்பையில் வைத்தார்.

"என்ர சமையலை நானே ருசி பாக்கப் பயம் தம்பி" என்றார் அவர் சாப்பிட்டபடியே. "நான் தையல்காரன். இடம்பெயரேக்க மெசினை விட்டிட்டு வந்திட்டன். சமையல் லேசெண்டு நினைச்சன்." கை கழுவி வந்ததும் காலருக்கு அடியிலிருந்து ஊசியை எடுத்து, இவருடைய சட்டையைக் கழற்ற வைத்து, கிழிந்த இடம் தெரியாமல் தைத்துக் கொடுத்தார்.

அடுத்த முறை போனபோது அவர் சமையலை விட்டிருந்தார். யாரோ கொடுத்த பழைய கைமெசின் ஒன்று கொட்டிலுக்குள் இருந்தது. இவர் பெருமையோடு ஒரு காற்சட்டை தைக்கக் கொடுத்தார். தையல் இரும்பு மாதிரி இருந்தது. ஆனால் ஒரு கால் மற்றதைவிட இரண்டு விரல் கட்டை.

"அளவு பிழைச்சுப் போச்சே" என்றேன்.

"அளவு சரி" என்றார் என் கணவர். "எனக்குச் சின்னனில இருந்தே அந்தக் கால் கொஞ்சம் கட்டை. நீர் கவனிக்கேல்லை."